உபயம்: கெவின்

இந்தப் பையை மட்டும் மேல வைக்கச் சொல்லாத, தாயி. கண்டக்டரும் சொல்லிப் பாத்துட்டாரு, "மேல அவ்வளவு இடம் கெடக்கு, எதுக்கும்மா கட்டிப்பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க"ன்னு. உள்ள என்ன இருக்குன்னு நினைக்க? ஒத்தச் சட்டை, கொஞ்சம் முறுக்கு, கொஞ்சம் அதிரசம். முறுக்கு நொறுங்கினா நொறுங்கட்டும். சட்டை கசங்கக்கூடாது. அம்புட்டுப் பாடுபட்டு இஸ்திரி போட்டிருக்கேன்.

நீயும் மதுரைக்கா? நல்லதாப்போச்சு. எனக்கு மாட்டுத்தாவணியில ஒரு பையன் வந்து நிப்பான். என் மக கூட வேலை பாக்கிற பிள்ளைக்குத் தம்பி. நாளைக்கு ஆஸ்திரேலியாவுக்குப் பிளைட்டு ஏறுறான். அவன் கையில இதக் குடுத்துட்டா என் சோலி முடிஞ்சது. அப்புறம் என் மக என்கிட்ட பேசணும். அவுக அப்பா திவசத்துக்கு ஊருக்கு வரணும். அதுதான் பேச்சு. ஒரு பழைய சட்டைக்காகப் பெத்த தாய்கிட்ட மாசக்கணக்குல பேசாம இருக்கிற மகளை நீ எங்கயாச்சும் கண்டிருக்கியா? கேளு, முழுசாச் சொல்றேன். அந்த வயரக் காதுலருந்து எடுத்துட்டுக் கேளு. கேட்டுட்டு நீயே நியாயம் சொல்லு.

எனக்கு ஒரே மக. செம்பகம். நர்சு. ஆஸ்திரேலியாவுல டார்வின்னு ஒரு ஊரு, அங்ஙன பெரிய ஆஸ்பத்திரியில வேலை. மாப்பிள்ளைக்கும் அங்ஙனதான். "வா, வா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. போனேன். ஏர்போட்டுலயே என் நாரத்தங்கா ஊறுகாயப் பிடுங்கிக் குப்பையில போட்டானுக. ருசி தெரியாத ஊருக்கு வந்துட்டோம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் குறை சொல்லல. நான் குறையே சொல்லமாட்டேன், அது என் பழக்கம்.

கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தேன். ஒரு நா செம்பகம் வந்து, "அம்மா, ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்களுக்கு ரொம்ப வேண்டியவுக இருக்கிற இடம்"னா. வேண்டியவுக வீடுன்னா சும்மா போகலாமா? பட்டுச்சேலை கட்டிக்கிட்டேன். ஆரஞ்சு கலரு, அகலக் கரை. புளியோதரை கிண்டி எடுத்துக்கிட்டேன். மாப்பிள்ளைக்குக் குடுக்கணும்னு ஊருலருந்து கொண்டுபோன புது வேட்டி பெட்டியில கெடந்துச்சு, அதையும் பையில வச்சேன். வேண்டியவுக வீட்டுக்கு வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்? மஞ்சப்பொடியும் குங்குமமும் எப்பவும் என் பையில இருக்கும்.

தாயி, விடிஞ்சதும் ஏறுன காரு. போகுது, போகுது, உச்சி சாஞ்ச பிறகும் போய்க்கிட்டே இருக்கு. வழியில ஒரு டீக்கடை கெடையாது. ஒரு ஆடு மேய்க்கிற ஆளு கெடையாது. எங்க பக்கம் கரிசல் காடு, பாத்திருப்ப. அங்ஙன மண்ணு தேரிக்காடு மாதிரி செக்கச்செவேல்னு. வெள்ளைத் தோலு மரம், பாதி மரம் தீப்பட்டுக் கரிஞ்சு நிக்குது, கரிஞ்ச மரத்துலயே பச்சைத் தழையும் விட்டிருக்கு. எதுத்தாப்புல ஒரு லாரி வந்துச்சு பாரு, அதுக்குப் பின்னால நாலு லாரியக் கோத்து விட்டிருக்கான். ரயிலு மாதிரி வருது. எங்க வீட்டுக்காரக லாரி ஓட்டுனவுக. அசாம் வரைக்கும் போயிருக்காக. இருந்து இதைப் பாத்திருந்தா வண்டிய நிறுத்தச் சொல்லி டயர எண்ணியிருப்பாக.

வழி பூராவும் செம்பகம் பேசிக்கிட்டே வந்தா. மொத மொத இந்த நாட்டுக்கு வந்தப்ப இந்த ரோட்டுலதான் எங்க காரு நின்னுபோச்சு, அந்த வீட்டு ஐயா வந்து இழுத்துட்டுப் போயிச் சரிபண்ணிக் குடுத்தாரு, அந்தம்மா எங்களைத் தங்கவச்சுச் சோறு போட்டுச்சு, பெத்த பிள்ளைக மாதிரி பாத்துக்கிட்டாகன்னு. அப்புறம் யாரோ செத்துப்போனாகன்னும் சொன்னா. எனக்குக் கால் மதமதன்னு இருந்துச்சு, ஏசி வேற மூஞ்சியில அடிக்குது. இம்புட்டுத் தூரம் பிளைட்டு ஏறி வந்தது செத்தவுக கதை கேக்கவான்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

கண்ணைத் தொறந்தா, புத்து.

ரோட்டோரம் பூரா புத்து, தாயி. ஒண்ணு ரெண்டு இல்ல, கண்ணுக்கு எட்டின தூரம் புத்து. சிலது ஆள் உசரம், சிலது ரெண்டாள் உசரம். செவப்பு மண்ணுல கூம்பு கூம்பா நிக்குது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே வாரேன், ஒண்ணு போனா ஒண்ணு வருது, கைய இறக்க நேரமில்ல. அப்பத்தான் கவனிச்சேன். அதுல ஒரு புத்துக்குப் பனியன் போட்டிருக்கு. இன்னொண்ணுக்குத் தொப்பி. ஒண்ணுக்குக் கண்ணாடி. வஸ்திரம் சாத்தியிருக்காக! வெள்ளைக்காரன் ஊருல, புத்துக்கு வஸ்திரம்! ஒரு புத்துக்கு... நீ பொம்பளப்பிள்ளைதான, சொல்லலாம், பாடி போட்டிருந்துச்சு. சரி, இது அம்மன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

"அது சும்மா, வேடிக்கைக்குப் போட்டுவிடுறாங்க அத்தை. ரோட்டுல போறவங்க சிரிக்கட்டும்னு"ன்னாரு மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? வேடிக்கைக்கு எவனாச்சும் தன் கண்ணாடியக் கழட்டி மாட்டிட்டுப் போவானா? பக்தியா இருக்கிறத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வேடிக்கைங்கான்.

அந்த இடம் வந்துச்சு. அதுக்குப் பேரு வச்சிருக்கானுக, எனக்கு வாயில நுழையல. ஒரு பெட்ரோல் பங்கு, அதை ஒட்டி வண்டி ரிப்பேரு பாக்கிற தகரக் கொட்டகை, லாரிக்காரக தங்க நாலு ரூம்பு, காப்பி போடுற இடம். அம்புட்டுத்தான். அடுத்த ஊரு எங்கன்னு கேட்டேன். "நாளைக்குத்தான்"னு சிரிக்கா செம்பகம். நான் பட்டுச்சேலையோட இறங்குறேன். ஈ! அப்பப்பா, மூக்கு, கண்ணு, வாயி. நெத்திக் குங்குமத்துல வந்து ஒட்டுது. பட்டுச்சேலை கட்டினதுக்கு ஈயாச்சும் மரியாதை குடுத்துச்சேன்னு இருந்துச்சு, வேற பாக்க ஒரு ஆளு இல்ல.

மேவிசுன்னு ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும். அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஓடிவந்து செம்பகத்தக் கட்டிப்பிடிச்சுச்சு பாரு, விடவே இல்ல. ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி. என்னையும் கட்டிப்பிடிச்சுச்சு. நான் புளியோதரையக் குடுத்தேன். நின்னவாக்குலயே தின்னுச்சு. கண்ணுலருந்தும் மூக்குலருந்தும் தண்ணி ஊத்த ஊத்தத் தின்னுச்சு. ருசி தெரிஞ்ச பொம்பளைன்னு அப்பவே எனக்குப் பிடிச்சுப்போச்சு. குறை சொல்லக்கூடாது, தங்கமான மனுசி. தன் கட்டிலயே எனக்கு ஒழிச்சுக் குடுத்துட்டு அது பெஞ்சியில படுத்துக்கிட்டுச்சு. கட்டில்ல ரெண்டு தலகாணி கெடந்துச்சு. ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டுன்னு ஒண்ணை எடுத்துக் கீழ போட்டேன்.

சாயங்காலம் ஆச்சு. தண்ணித் தொட்டி ஒழுகுற இடத்துல ரோஸ் கலருல கிளிக வந்து இறங்குச்சு. நாலு பத்து இல்ல, ஒரு கூட்டம். மேவிசு என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப்போயி, சத்தம் போடாதன்னு வாயில விரல வச்சுக்கிட்டு, மரத்தடியக் காட்டுச்சு. கங்காரு, சின்ன வகை. தாயும் குட்டியுமா தண்ணி குடிக்க வருது, நின்னு நின்னு, காதை ஆட்டி ஆட்டி. அங்ஙன கொடியில என் பட்டுச்சேலை காயுது. நான் "ச்சூ!"ன்னு கையத் தட்டுனேன். எல்லாம் பறந்து ஓடிப்போச்சு. அந்தம்மா மூஞ்சி ஒரு மாதிரியா ஆயிருச்சு. பயந்துருச்சு போல. நான்தான் தைரியம் சொன்னேன்.

அப்புறம் ரெண்டு நாற்காலி போட்டு உக்காந்தோம். செம்பகமும் மாப்பிள்ளையும் உள்ள சமையல்ல இருக்காக. எனக்கு இங்கிலீசு தெரியாது, அதுக்குத் தமிழு தெரியாது, அதனால சண்டை வர வழியில்ல. வானம் செக்கச்செவேல்னு ஆகி, மண்ணும் வானமும் ஒரே கலராப் போச்சு. அந்த நேரத்துல தூரத்துல ஒரு லாரிச் சத்தம். ரெண்டு பேரும் ஒண்ணாத் தலையத் திருப்பிப் பாத்தோம். லாரி நிக்காமப் போயிருச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாத் தலையத் தொங்கப்போட்டோம். எனக்கு எதுக்கு அப்படி இருந்துச்சுன்னு தெரியல, அழுகை வந்துருச்சு. முப்பது வருசம் லாரிச் சத்தத்துக்குக் காது குடுத்தவ நான். அந்தம்மா எதுக்குப் பாத்துச்சோ, பெட்ரோல் வியாபாரத்துக்காக இருக்கும்.

இப்பத்தான் முக்கியமான கட்டம். பட்டறைக் கொட்டகைக்கு எதுத்தாப்புல, பத்தடி தள்ளி, ஒரு புத்து. என் தலைக்கு மேல ஒரு முழம் இருக்கும். அதுக்கு நீலக் கலருல முரட்டுச் சட்டை, தலையில தோல் தொப்பி. மேவிசு எந்திரிச்சுப்போயி ரெண்டு பீர் டின்னு எடுத்துட்டு வந்துச்சு. ஒண்ணை உடைச்சுப் புத்துக் காலடியில வச்சுச்சு. சட்டைக் காலரை நேரா இழுத்துவிட்டுச்சு. அப்புறம் வந்து உக்காந்து இன்னொண்ணைத் தான் குடிச்சுச்சு.

நீ சொல்லு தாயி, எங்க ஊரு முனியசாமிக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறதில்லையா? ரோட்டுக் காவலுக்கு நிக்கிற சாமி அது, தொப்பி போட்டுக்கிட்டு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு. கிட்டப்போயிப் பாத்தேன். சட்டைப் பையில நூலால பேரு தைச்சிருக்கு. நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சவ, எழுத்துக் கூட்டுவேன். கே, ஈ, வி, ஐ, என். கெவின். நம்ம கோயில்ல டியூப்லைட்டு பூரா வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு உபயம் இன்னாருன்னு எழுதியிருக்கும்ல? அங்ஙனயும் அந்த வழக்கம்தான். உபயம், கெவின். ஆனா உபயதாரரு சட்டையக் குடுத்துட்டு அப்புறம் எட்டிப் பாக்கல போல. கிரீசுக் கறை, தோள்பட்டையில கிழிசல், வெயில்ல வெளுத்துக்கெடக்கு. சாமிக்கு இப்படியா சாத்தி வைப்பாக?

மறுநா விடியக்காலம் எல்லாரும் தூங்கிக்கிட்டு இருக்கையில குளிச்சு முடிச்சேன். ஐஸ்பெட்டியில பாலு இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். புத்துல ஊத்தி, மஞ்சப் பூசி, குங்குமம் வச்சு, பழைய சட்டையக் கழட்டிட்டுப் புது வேட்டியச் சாத்துனேன். சரிகைக் கரை. தொப்பி மட்டும் இருக்கட்டும், கிரீடமாச்சேன்னு விட்டுட்டேன். சட்டையக் கழட்டும்போது குப்புன்னு ஒரு வாடை அடிச்சுச்சு. டீசலு, வேர்வை, பீடி மாதிரி ஏதோ ஒரு புகை. எங்க வீட்டுக்காரக பக்கத்துல வந்து நின்ன மாதிரியே இருந்துச்சு. சாமி இறங்குறதுன்னா இதுதான்.

கழட்டுன சட்டைய என்ன செய்ய? சாமிக்குச் சாத்தின துணி. எங்க கோயில்ல அம்மனுக்குக் கட்டின சேலைய ஏலம் விட்டா அடிச்சுப்பிடிச்சு எடுப்பாக. கண்ட எடத்துல போட்டா குத்தமாயிரும். புத்து மண்ணு எடுக்கலாம்னா ஏர்போட்டுல பிடிப்பானுக. சட்டைய மடிச்சு என் பைக்குள்ள சேலைக்கு அடியில வச்சுக்கிட்டேன். செம்பகத்துக்கிட்ட சொல்லல. பிரசாதத்தச் சொல்லிக்கிட்டா எடுப்பாக? சொன்னா மாப்பிள்ளை பங்கு கேப்பாரு.

மேவிசு காப்பித் தம்ளரோட வெளிய வந்துச்சு. புத்தைப் பாத்துச்சு. அப்படியே நின்னுருச்சு தாயி. தம்ளரு சாஞ்சு காப்பி கால்ல ஊத்துது, தெரியல அதுக்கு. கண்ணுலருந்து பொலபொலன்னு தண்ணி. பக்தின்னா அது பக்தி. என்கிட்ட வந்து என்னமோ கேட்டுச்சு. கையால சட்டை மாதிரி நெஞ்சுல காட்டிக் காட்டிக் கேட்டுச்சு. நான் வேட்டியக் காட்டி, "நியூ, நியூ, குட்"டுன்னேன். அது கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துட்டு, என் கையப் பிடிச்சு, "தேங்க்யூ"ன்னுச்சு. சொல்லிட்டுப் பட்டறைக்குள்ள போயிருச்சு. நாங்க கிளம்புற வரைக்கும் வெளிய வரல. பொம்பளை உள்ள தனியா நின்னு கும்பிடுற இடத்துல ஆம்பளைக போயி நிக்கக்கூடாதுன்னு மாப்பிள்ளைய நான்தான் காருக்கு விரட்டுனேன். கிளம்பும்போது அந்தம்மா வந்து வழிக்குன்னு தண்ணி பாட்டிலும் பிஸ்கோத்தும் என் மடியில வச்சுச்சு. செம்பகம், "என்னம்மா வேட்டியெல்லாம் கட்டி வச்சிருக்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. சட்டைய அவ கவனிக்கல, நல்ல வேளை.

ஏ, சாத்தூரு வந்துருச்சு. வெள்ளரிக்கா வேணுமா? வேண்டாமா. சரி, கேளு.

ஊருக்கு வந்து பூஜை ரூம்புல ஆணியடிச்சு மாட்டுனேன். ஒரு முழம் மல்லியப் போட்டு, சாம்பிராணி காட்டுனேன். எதுத்த வீட்டுப் பேச்சியம்மா வந்தா, தொட்டுக் கும்பிட்டா, மறுவாரம் அவ மகளுக்குப் பொண்ணு பாக்க வந்துட்டாக. அவ்வளவுதான். செவ்வாக்கிழமை ஆனா வாசல்ல செருப்பு விட இடமில்ல. மஞ்சத் தண்ணியத் தெளிக்கிறவ ஒருத்தி, எண்ணெக் கையோட தடவுறவ ஒருத்தி. "கெவின் முனியசாமி"ன்னு பேரே வச்சுட்டாளுக. அது உபயதாரரு பேருடி, சாமி பேரு இல்லடின்னு நான் கரடியாக் கத்துனேன். யாரு கேக்கா? கீழத்தெருக்காரிக தனியா ஒரு நாளு வேணும்னு சண்டைக்கு வந்தாளுக. மேலத்தெருவுக்கு மட்டுந்தான் ஆஸ்திரேலியாக்காரன் காவலான்னு கேக்காளுக. எனக்குப் பெருமைதான், பொய் சொல்லுவானேன். லாரி டிரைவர் பொண்டாட்டின்னு இருந்தவள இப்ப "சாமி வீட்டம்மா"ன்னாக.

அப்பத்தான் செம்பகம் போன்ல மூஞ்சி தெரியிற மாதிரி கூப்பிட்டா. பேச்சுவாக்குல, "அம்மா, மேவிசம்மா போன் போட்டாக. அந்தப் புத்துல இருந்த சட்டைய நீ எங்கயாச்சும் எடுத்து வச்சியான்னு கேட்டாக. காத்துல போயிருக்கும்னு காடு பூரா தேடியிருக்காக. குப்பைத் தொட்டியெல்லாம் கொட்டிக் கிளறிப் பாத்திருக்காக"ன்னா. நான், "எந்தச் சட்டை?"ன்னேன். என்னைப் பாக்கல, எனக்குப் பின்னால பாக்கா. திரும்பிப் பாத்தா, சட்டை மல்லிப்பூ மாலையோட தொங்குது.

கத்துனா பாரு ஒரு கத்து. "அது அவுக வீட்டுக்காரர் சட்டைம்மா! எங்க காரைச் சரிபண்ணிக் குடுத்த கெவின்! செத்துப்போயிட்டாரும்மா! கடைசி நாள் பட்டறையில போட்டிருந்த சட்டை! வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேனே!"

சரி, புருசன் சட்டைதான். நான் இல்லைங்கல. ஆனா நியாயத்தப் பேசு. புத்துக்குச் சாத்துன பிறகு அது சாமி சொத்து. அதுல புருசனுக்கு என்ன பாத்தியதை, பொண்டாட்டிக்கு என்ன பாத்தியதை? புருசன் ஞாபகமா வைக்கணும்னா பீரோவுல பூட்டி வைக்கணும். ரோட்டுல நிக்கிற புத்துல மாட்டிவிட்டு பீர வைப்பாகளா? பாக்கிறவ என்ன நினைப்பா? நான் என்ன களவாண்டனா? சரிகை வேட்டியக் குடுத்துட்டுத்தான எடுத்தேன்?

இதைச் சொன்னேன். போனை வச்சுட்டா. அன்னைக்குப் போனவதான். மாப்பிள்ளை மட்டும் பேசுவாரு, "அத்தை, நல்லாருக்கீங்களா"ன்னு. பின்னால பாத்திரம் கழுவுற சத்தம் கேக்கும், அவதான், ஆனா வரமாட்டா.

அவ அப்படித்தான், தாயி. பிடிவாதக்காரி, அதோட சுத்தக்காரி. நர்சுல்ல, எதைப் பாத்தாலும் துவைக்கணும். எங்க வீட்டுக்காரக மொத வருசத் திவசத்துக்கு வந்தவ என்ன செஞ்சா தெரியுமா? அவுக தலகாணிய எடுத்து உறையக் கழட்டி மிசின்ல போடப் போயிட்டா. "எண்ணெப் பிசுக்கு நாறுதும்மா"ங்கா. நான் பாய்ஞ்சு பிடுங்குன பிடுங்குல நகம் கீறி அவ கையில ரத்தம் வந்துருச்சு. ரெண்டு நா நான் சோறு தின்னல. எதைத் துவைக்கணும், எதைத் துவைக்கக்கூடாதுன்னு ஒரு மனுசிக்குத் தெரிய வேண்டாமா? என்ன படிச்சு என்ன?

போன வாரம் மாப்பிள்ளை சொல்லிட்டாரு. "அத்தை, அந்தச் சட்டை மேவிசம்மா கைக்குப் போயிச் சேராம செம்பகம் மாமா திவசத்துக்கு வரமாட்டேங்கிறா. மதுரையிலருந்து ஒரு பையன் வர்றான். அவன்கிட்ட அப்படியே குடுத்துவிடுங்க. ஒண்ணும் பண்ணாதீங்க, அப்படியே." ரெண்டு தடவை சொன்னாரு. தெருவுல சொன்னா பெரிய ரகளை. பேச்சியம்மா அழுகா, கல்யாணம் முடியற வரைக்குமாச்சும் இருக்கட்டும்னு. கீழத்தெருக்காரிக பாதிச் சட்டையாச்சும் குடுன்னாளுக. நான் ஒரே பேச்சு, என் மக வந்தாகணும்னு சொல்லிக் கழட்டிட்டேன். ஒத்தப் பிள்ளை. அவ வராம அவுக படத்துக்கு முன்னால நான் மட்டும் எப்படி இலை போடுவேன்?

அப்படியே குடுக்கவாம்! நல்ல கதை. மஞ்சளும் எண்ணெயும் சாம்பிராணிப் புகையுமா கெடக்கிற துணிய, கடல் தாண்டி, அடுத்தவ கையில அப்படியே குடுத்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பா? வாங்கின பாத்திரத்தக்கூட வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கமாட்டோம், அதுல ஒரு பிடி பலகாரம் போட்டுத்தான் குடுப்போம். அதுக்குத்தான் இந்த முறுக்கு, அதிரசம். சட்டைய வெந்நியில சோடா உப்புப் போட்டு ஒரு ராத்திரி ஊறவச்சேன். கிரீசுக் கறைக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சேன். அப்புறம் சோப்பு, கல்லுல அடிச்சு அலசுனேன். அந்தக் காலரு இருக்கே, அங்ஙனதான் அழுக்கு கறுகறுன்னு அட்டையா ஏறிக்கெடந்துச்சு. பிரஷ்ஷப் போட்டுத் தேய்ச்ச தேய்ப்புல என் தோள்பட்டையே விட்டுப்போச்சு. விடுவனா? பளிச்சுன்னு ஆக்கிட்டேன். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கிழிசலத் தைச்சு, கெவின்ல கடைசி எழுத்து நூலு பிரிஞ்சிருந்துச்சு, அதையும் மஞ்ச நூல்ல கூட்டித் தைச்சிருக்கேன். சாமி துணிங்கிற பேருக்கு ஒரு துளி சந்தனம். அந்த மேவிசம்மாவே கையில வாங்கினா, இது அந்தச் சட்டைதானான்னு சந்தேகப்படும். அப்படி ஆக்கிட்டேன்.

என்ன தாயி, அப்படிப் பாக்க?

எதைக் கேக்க? தலகாணி உறையா? அது இருக்கு. கட்டில்ல அவுக பக்கம் அங்ஙனயேதான் இருக்கு.

துவைச்சனாவா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அதை எப்படித் துவைக்க முடியும்? அதுலதான அவுக இருக்காக! தைல வாடை, பீடி வாடை, அந்த டீசல் வாடை... இப்பக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுக்கிட்டு வருது. அதனால தினமும் எடுக்கிறதில்ல. மனசு தாங்காதப்ப மட்டும் எடுத்து மூஞ்சியில வச்சுக்கிடுவேன். அதைப் போயித் துவைச்சுட்டா அப்புறம் எனக்கு என்ன...

திருமங்கலம் தாண்டிட்டமா? வெளிய பாத்துச் சொல்லு.

தாண்டிருச்சா.

இந்தா, இந்தப் பையக் கொஞ்சம் பிடி. முறுக்க அங்கிட்டு வையி. சட்டைய வெளிய எடுக்கேன். கசங்கினாக் கசங்கட்டும், பரவாயில்ல. எனக்கு ரெண்டு நாளா சளி, மூக்கு அடைச்சுக்கெடக்கு. நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியும். கொஞ்சம் மோந்து பாரு.

சோப்பு வாடையா? சோப்பு இருக்கத்தான் செய்யும், போட்டேன்ல. அதுக்கு அடியில பாரு. டீசல் மாதிரி ஏதாச்சும் வருதா? ஒரு பொட்டாச்சும்? நல்லா மூச்ச இழுத்துப் பாரு, தாயி. காலருக்கு உள்பக்கம் வச்சுப் பாரு. அங்ஙன நான் அவ்வளவாத் தேய்க்கல.